கொடி தெரியாத கப்பல்



பிள்ளைகளின் கணினி விளையாட்டுகளைக் குறித்து நாம் பலமுறை பேசியதுண்டு. நேரம் வீணாகிறது, தொழுகை பிந்துகிறது, கண் கெடுகிறது, படிப்பு தளர்கிறது என்று சொல்லியிருக்கிறோம். அவற்றுள் ஒன்றையும் இன்று திரும்பப் பெறுவதற்கில்லை. ஆனால் ஒரு வியாழன் இரவு ஒரு பிள்ளையைக் கண்டிக்கச் சென்ற நாம், நம்மையே கண்டித்துக்கொண்டு திரும்ப நேர்ந்தது. பிறருக்குச் சொல்லும் உபதேசத்தைத் தனக்கும் சேர்த்துச் சொல்லாதவன் ஆசிரியன் ஆகமாட்டான் என்பதால் அதை எழுதிவைக்கிறோம்.

கரிக்கலாம்பாக்கம் கடற்கரை ஊர் அன்று. நெல்லும் கரும்பும் விளையும் மண். கடலைப் பார்க்க விரும்பினால் கிழக்கே தவளக்குப்பம் கடந்து சென்றாக வேண்டும். மஃரிபுக்குப் பின் நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளுள் கப்பலை அருகில் கண்டவர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். குர்ஆனை நம்மிடம் ஓதி முடித்தவன். விடுமுறை நாட்களில் ஃபிக்ஹு பாடம் கேட்க இன்னும் வருபவன். அமைதியான பிள்ளை. அவனுடைய தாயார் ஒருநாள் மக்தப் வாசலில் நின்று, "ஹஜ்ரத், இரவெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் கப்பலை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறான். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் சொன்னால்தான் கேட்பான்" என்று கலங்கினார். வந்து பேசுவதாக வாக்களித்தோம்.

இஷா தொழுதுவிட்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது, அவன் அரசு கொடுத்த மடிக்கணினியின் முன் காதில் ஒலிக்கருவியோடு அமர்ந்திருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னான். முகத்தில் சங்கடம் தெரிந்தது. "ஹஜ்ரத், இரண்டே நிமிடம். ஒரு கப்பல் மாட்டியிருக்கிறது. இப்போது விட்டால் இனிக் கிடைக்காது" என்றான். அவனுடைய தாயார் ஏதோ சொல்ல வந்தார். நாம் கையமர்த்திவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தோம். நோயை அறியாமல் மருந்து சொல்லக் கூடாதல்லவா?

அவன் ஆடியது 'சைலண்ட் ஹண்டர் 4' என்னும் விளையாட்டு. 2007இல் வெளிவந்தது, பழையதாகையால் எளிய கணினியிலும் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தலைவன் ஆடுபவன்தான். 2008இல் அதற்கொரு இணைப்பு வந்தது. அதில் ஜெர்மன் நீர்மூழ்கியில் ஏறி இந்தியப் பெருங்கடலில் வேட்டையாடலாம். இது வெறும் கற்பனை அன்று. 1943 முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மெய்யாகவே பினாங்கைத் தளமாகக் கொண்டு இக்கடலில் திரிந்தன. நம் முன்னோர் கடை வைத்துப் பிழைத்த அதே பினாங்கு. அவன் விரித்துக் காட்டிய வரைபடத்தில் கொழும்பு இருந்தது, சென்னை இருந்தது. நாம் நின்று பார்த்த கடல்தான் அது.

இந்த விளையாட்டில் ஓடுவதும் குதிப்பதும் இல்லை. பெரும்பகுதி காத்திருப்பதே. நீருக்கடியில் ஒலிகேட்கும் கருவியில் ஒரு விசிறியின் துடிப்பு மெல்லக் கேட்கும். பெரிஸ்கோப்பைச் சில நொடிகள் மட்டும் உயர்த்தினால் தொலைவில் கப்பலின் நிழலுருவம் தெரியும். உடனே ஒரு கையேட்டைப் புரட்ட வேண்டும். அதில் கப்பல்களின் நிழலுருவங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பாய்மர உயரம், நீரில் அமிழும் ஆழம், டன் எடை. பாய்மர உயரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு, கப்பல் செல்லும் வேகத்தையும் அது நம் பக்கம் திரும்பியிருக்கும் கோணத்தையும் மதிப்பிட்டு, இவ்வளவையும் ஒரு கருவிக்கு ஊட்டினால் டார்பிடோ புறப்படத் தயாராகும். பள்ளியில் முக்கோணவியலுக்கு அஞ்சும் பிள்ளை இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறான். வியந்துபோனோம் என்பதை மறைக்கவில்லை.

"இது போர்க்கப்பலா தம்பி?" என்று கேட்டோம்.

"இல்லை ஹஜ்ரத், சரக்குக் கப்பல். போர்க்கப்பல் வந்தால் நாம் ஓடி ஒளிய வேண்டும். சரக்குக் கப்பல்தான் நமக்குப் பிழைப்பு" என்றான்.

எத்தனை டன் மூழ்கடித்தான் என்பதைக் கொண்டே புகழ்ப் புள்ளி கிடைக்கிறது. புள்ளி சேர்ந்தால் நல்ல கப்பலும் நல்ல கருவிகளும் வரும். எதிரி நாட்டுக் கப்பலா, நடுநிலை நாட்டுக் கப்பலா என்பதை ஆடுபவனே பார்த்து அறிய வேண்டும். நடுநிலைக் கப்பலை மூழ்கடித்தால் புள்ளி குறையும். வரைபடத்தில் நண்பனையும் எதிரியையும் நிறம் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. மெய்யான தலைவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை என்று சொல்லி, அவன் அதை அணைத்து வைத்திருந்தான்.

அன்று திரையில் நிலவில்லா இரவு. கப்பல் சிறியது. ஒற்றைப் புகைபோக்கி. நம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகக் கடந்துகொண்டிருந்தது. அவன் கணக்குகளை முடித்துவிட்டு விரலைப் பொத்தான் மீது வைத்தபடியே தயங்கினான்.

"ஏன் நிற்கிறாய்?" என்றோம்.

"கொடி தெரியவில்லை ஹஜ்ரத். இன்னும் கொஞ்சம் அருகில் போகணும்."

அந்தக் கணத்தில் நமக்கு என்ன நேர்ந்ததென்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கண்டிக்க வந்தோம் என்பது மறந்துபோயிற்று. கப்பலின் பின்பகுதி பார்வை வட்டத்தின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. "கடந்துபோய்விடப் போகிறது. விடு" என்றோம்.

சொன்னவர்கள் நாம்தாம்.

அவன் விட்டான். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. கடிகார முள் சுற்றியது. அவன் வாய்க்குள் எண்ணினான், நாமும் எண்ணினோம். பின்னர் கப்பலின் நடுவே ஒரு வெண்ணிற நீர்த்தூண் எழுந்தது. சற்று நேரத்தில் அதன் முதுகு முறிந்து, இரு முனைகளும் மேலே எழும்பி, உள்ளே போயிற்று. "நடுப்பகுதியில், இயந்திர அறைக்கு நேராக அடித்தால் சீக்கிரம் போய்விடும் ஹஜ்ரத்" என்று விளக்கமும் சொன்னான். பதிவேட்டைத் திறந்தபோது அவன் முகம் சுண்டியது. புள்ளி ஏறவில்லை, இறங்கியிருந்தது. அது போரில் சேராத ஒரு நாட்டின் கப்பல்.

அவன் சிரித்துவிட்டான். "பரவாயில்லை ஹஜ்ரத், பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்" என்றான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கொண்டுசென்ற உபதேசத்தைச் சொல்லாமலே வீடு திரும்பினோம்.

அது வெள்ளி இரவு. வியாழன் சூரியன் மறைந்தால் நமக்கு வெள்ளி தொடங்கிவிடுகிறது. வழக்கப்படி ஸூரத்துல் கஹ்ஃபு ஓத அமர்ந்தோம். எத்தனையோ ஆண்டுகளாக ஓதிவரும் ஸூரா. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த ஸூரா. மூஸா (அலை) அவர்களும் கிள்ரு (அலை) அவர்களும் கப்பலேறும் இடம் வந்ததும் நாவு நின்றது. கிள்ரு கப்பலில் துளையிடுகிறார். மூஸா நபி முதலில் பதறியது எதற்காக? பலகை போயிற்றே என்பதற்காகவா? கப்பலில் இருப்பவர்களை மூழ்கடிக்கவா இதைச் செய்தீர் என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. பின்னர் கிள்ரு விளக்கம் சொல்லும்போது, அக்கப்பல் கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுடையது என்கிறார். நல்ல கப்பல்களையெல்லாம் பறிக்கும் அரசன் ஒருவனிடமிருந்து காப்பதற்காகவே அதைப் பழுதாக்கியதாகச் சொல்கிறார்.

இத்தனை ஆண்டுகளில் இந்த இடத்தை அல்லாஹ்வின் ஞானம், மனிதனின் அவசரம், பொறுமையின் சிறப்பு என்றெல்லாம் விளக்கியிருக்கிறோம். அன்றிரவுதான் 'கப்பலில் இருப்பவர்கள்', 'கடலில் உழைக்கும் ஏழைகள்' என்னும் இரு செய்திகளும் நம் கண்ணில் தைத்தன. திரையில் நாம் மூழ்கடித்த கப்பலில் எத்தனை பேர் என்று நாம் கேட்கவேயில்லை. பதிவேட்டில் டன் இருந்தது. ஆள் கணக்கு இல்லை.

அவ்வாறு கேட்காமல் விட்டதற்கு நமக்கு மட்டும் எந்தச் சாக்கும் கிடையாது. காரணம், சின்ன நன்னி.

சின்ன நன்னி என்பவர் நம் பாட்டியாரின் தங்கை. நமக்கு நினைவு தெரிந்த நாளில் அவர் எழுபதை எட்டியவர். திருமணமாகி மூன்றாண்டுகளே கணவரோடு வாழ்ந்தார். அவருடைய கணவர் 1942இன் தொடக்கத்தில், இருபத்துநான்கு வயதில், பம்பாய்க்குச் சென்று கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். இயந்திர அறையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலை. பம்பாயிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. மூன்றாவது வரவில்லை. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், என்ன நேர்ந்தது என்று எவரும் எழுதவில்லை. இறந்தார் என்று சொல்ல ஆளில்லாததால் இத்தாவும் இருக்கவில்லை, மறுமணமும் நடக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாசல் பக்கம் முகம் வைத்தே உறங்கினார் என்று நம் தாயார் சொல்வார்கள்.

ஃபிக்ஹு நூல்களில் 'மஃப்கூத்', அதாவது காணாமற்போனவர் பற்றி ஒரு தனிப் பாடமே உண்டு. நாம் கற்ற, இன்று கற்பிக்கும் குதூரியில், காணாமற்போனவர் பிறந்த நாளிலிருந்து நூற்றிருபது ஆண்டுகள் நிறைவானபின்பே அவர் இறந்ததாகத் தீர்ப்பளிக்கப்படும் என்று வருகிறது. மாலிக்கி மத்ஹபில் மனைவி நான்காண்டுகள் காத்திருந்தால் போதும். பெண்களின் துயரைக் கருதி இந்திய ஹனஃபி உலமாக்களும் பிற்காலத்தில் அந்தக் கருத்தையே ஏற்று ஃபத்வா அளித்தார்கள். ஆனால் சின்ன நன்னி எந்த ஃபத்வாவும் கேட்கவில்லை. குதூரியின் கணக்கை எடுத்துக்கொண்டால், ஹிஜ்ரி ஆண்டுகளில் எண்ணினாலும், நாம் இதை எழுதும் இந்நாளில் அவருடைய கணவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்தை நடத்தும்போது அவரை நினைப்போம். அப்படியிருந்தும், இயந்திர அறைக்கு நேராக அடித்தால் சீக்கிரம் போய்விடும் என்று ஒரு பிள்ளை சொன்னபோது, அந்த அறையில் யார் நிற்பார் என்பது நமக்கு நினைவு வரவில்லை. விளையாட்டின் வலிமை அதுவாக இருந்தது. பலவீனம் நம்முடையது.

அந்தப் பிள்ளையோடு மறுபடி பேச வேண்டும். ஆனால் முன்பு வைத்திருந்த உபதேசத்தைக் கொண்டு பேச முடியாது. ஆகவே சில வாரங்கள் படித்தோம்.

வணிகக் கப்பலைக் கடலில் மறிப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. 'எம்டன்' என்ற சொல்லைக் கேளாத தமிழர் இல்லை. சாமர்த்தியக்காரனை இன்றும் "சரியான எம்டன்" என்கிறோம். அது நீர்மூழ்கி அன்று. கடல்மேல் செல்லும் ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்தது. அதற்கு முந்தைய இரு வாரங்களில் வங்காள விரிகுடாவில் அது பிடித்த வணிகக் கப்பல்கள் பல. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் ஒரு கப்பலைக் கண்டால் நிறுத்துவார், ஆட்களை அனுப்பிக் கொடியையும் ஆவணங்களையும் சரக்கையும் பார்ப்பார். எதிரியின் கப்பலாயின் மாலுமிகளை முதலில் வேறொரு கப்பலுக்கு மாற்றிவிட்டுத்தான் மூழ்கடிப்பார். 'கபிங்கா' என்ற கப்பலில் அமெரிக்கர்களின் சரக்கு இருந்ததாலும், அதன் தலைவருடைய மனைவியும் குழந்தையும் உடனிருந்ததாலும் அதை மூழ்கடிக்காமல், மற்றக் கப்பல்களின் மாலுமிகளை ஏற்றி விட்டுவிட்டார். 'லோரெடானோ' என்னும் இத்தாலியக் கப்பலை, அது நடுநிலை நாட்டுடையது என்பதால் போகவிட்டார். அந்தக் கப்பலே கரை சேர்ந்து இவரைப் பற்றிய செய்தியை எதிரிக்குச் சொல்லிவிட்டது. சென்னையில் அவருடைய குண்டுகளால் மனிதர்கள் இறந்ததையும் மறைக்கலாகாது. ஆயினும் கடலில் பிடித்த கப்பல்களின் ஏழை மாலுமிகள் கரை சேர்ந்தார்கள்.

நீர்மூழ்கி வந்தபின் இது மாறியது. அதற்கு நூறு பேரை ஏற்றிக்கொள்ள இடமில்லை. மேலே எழுந்து விசாரித்தால் அதன் மெல்லிய உடலைத் துளைக்க ஒரு சிறு பீரங்கி போதும். அதனால்தான் வணிகக் கப்பல்களில் பீரங்கிகளும் ஏறின. ஆகவே கேட்காமலே அடிப்பது வழக்கமாயிற்று. 1917 பிப்ரவரி 1 முதல் ஜெர்மனி எந்தக் கட்டுப்பாடுமின்றி அவ்வாறு செய்தது. போர் முடிந்தபின் பெரிய கடற்படை நாடுகள் 1930இல் லண்டனில் கூடி ஒரு விதி எழுதின. 1936இல் அதை ஒரு தனி நெறிமுறையாக்கின. ஜெர்மனியும் அதை ஏற்றது. பயணிகளையும் மாலுமிகளையும் கப்பலின் ஆவணங்களையும் பத்திரமான இடத்தில் சேர்க்காமல் வணிகக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது. நடுக்கடலில் படகில் இறக்கிவிட்டால் மட்டும் அது பத்திரமான இடம் ஆகிவிடாது. இதுதான் அதன் சாரம். நியாயமான விதி. போர் மூண்டதும் ஒவ்வொருவராக அதைக் கைவிட்டார்கள்.

1946இல் நூரெம்பர்க்கில் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸை விசாரித்தபோது, இந்த விதியை மீறியதற்காக அவருக்குத் தனியாகத் தண்டனை கணக்கிடப்படவில்லை. பிரிட்டனும் ஒரு கடற்பகுதியில் இரவில் கண்ட கப்பல்களையெல்லாம் மூழ்கடிக்க ஆணையிட்டிருந்தது; அமெரிக்காவோ பசிபிக்கில் போர் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அவ்வாறு செய்தது. எல்லாரும் செய்ததால் எவரும் பொறுப்பில்லை என்றாயிற்று. இது மனிதர்களின் நீதிமன்றம். மறுமையின் நீதிமன்றத்தில் இந்தப் பதில் செல்லுமா என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

அந்த ஆண்டுகளில் நம் கடல் எப்படி இருந்தது? 1942 ஏப்ரலில் சில நாட்களுக்குள் வங்காள விரிகுடாவில் ஜப்பானியக் கடற்படை இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், பம்பாயிலிருந்து மொம்பாசாவுக்குச் சென்றுகொண்டிருந்த 'திலாவா' என்னும் கப்பலை அரபிக் கடலில் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 தாக்கியது. சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைச் சுமந்துசென்ற 'ரஜூலா'வும் 'திலாவா'வும் ஒரே கம்பெனியின் கப்பல்கள். 'திலாவா'வில் 958 பேர் இருந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் குஜராத்தைச் சேர்ந்த குடும்பத்தினர். கிழக்கு ஆப்பிரிக்காவில் கடையும் பிழைப்பும் தேடிச் சென்றவர்கள். முதல் டார்பிடோ பட்டதும் கப்பல் உடனே மூழ்கவில்லை. மக்கள் படகுகளில் இறங்கினார்கள். பின்னர் இரண்டாவது வந்தது. பிழைத்தவர்களுள் பெரும்பாலோர் இரு நாட்கள் கடலில் மிதந்தபின் 'பர்மிங்ஹாம்' என்னும் போர்க்கப்பலால் மீட்கப்பட்டார்கள். 280 பேர் திரும்பவில்லை.

அக்கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்குரிய 2364 வெள்ளிக் கட்டிகள் இருந்தன. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2017இல், இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அவற்றை மேலே எடுத்தார்கள். அவற்றை மீட்டவர்கள் கேட்ட மீட்பு ஊதியம் பற்றிய வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2024 மே மாதம் தீர்ப்பாயிற்று. வெள்ளிக்குக் கட்டிக் கணக்கு தெரிந்திருந்தது, உரிமை கோர அரசு இருந்தது, வாதிட வழக்கறிஞர் இருந்தார். இயந்திர அறையில் நின்றவருக்கு?

அவருக்கும் ஏதோ ஓரிடம் இருக்கிறது. அக்காலத்துப் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் மாலுமிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்தவர். 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களுள் முஸ்லிம்கள் மிகப் பலர். கடலில் மாண்டு கப்ரு இல்லாமற்போன ஏறத்தாழ 6000 இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்களைத் தாங்கிய நினைவேடுகள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. சின்ன நன்னி அதை அறியாமலே மறைந்தார். இன்ஷா அல்லாஹ், ஒருநாள் மும்பை சென்று அந்தப் பெயர்களைப் பார்க்க நிய்யத் வைத்திருக்கிறோம்.

இவ்வளவும் படித்தபின் அந்தப் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்தபுக்கு அழைத்தோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். அவன் திகைத்தான். "நீ கொடியைப் பார்க்கணும் என்றாய். நாம்தான் அவசரப்படுத்தினோம். அன்று அறிந்தவன் நீ; அறியாதவர் நாம்" என்றோம். தலை குனிந்துகொண்டான்.

பிறகு ஸூரத்துந் நிஸாவின் தொண்ணூற்றுநான்காம் வசனத்தை அவனையே ஓதச் சொன்னோம். அழகாக ஓதினான். போருக்குப் புறப்பட்டுச் செல்லும் முஃமின்களை நோக்கி, எதிர்ப்படுபவர் யார் என்பதைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிடும் வசனம் அது. உலகப் பொருளுக்கு ஆசைப்பட்டு அவசரப்படாதீர்கள் என்ற கண்டிப்பும் அதில் உண்டு. விசாரிக்கும் கட்டளை ஒரே வசனத்தில் இருமுறை வருகிறது. "போர்க்களத்திலேயே விசாரிக்கச் சொல்கிறான் என்றால், மற்ற இடங்களில் எப்படி இருக்க வேண்டும், சொல்" என்று கேட்டோம். அவன் சற்று நேரம் பேசவில்லை.

பின்னர் சின்ன நன்னியின் கதையைச் சொன்னோம். திலாவாவைச் சொன்னோம். அவன் கேட்ட ஒரே கேள்வி நம்மை மடக்கியது. "ஹஜ்ரத், அந்த நீர்மூழ்கியில் இருந்தவர்களும் மேலே வந்தால் செத்துப்போவார்களே. அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருந்திருப்பார்களே?"

இருந்திருப்பார்கள். ஐ-29 நீர்மூழ்கியும் 1944 ஜூலையில் ஓர் அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. ஒருவர்தான் பிழைத்தார் என்று படித்திருக்கிறோம். அவனிடம் அதையும் சொன்னோம். "அதனால்தான் தம்பி, அது எளிதான கேள்வி என்று நாம் சொல்லவில்லை. கேள்வியே இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் சொல்கிறோம். அவர்கள் எல்லாருக்கும் தமக்கு முன்னால் இருந்தது ஒரு நிழலுருவமும் ஒரு டன் கணக்கும்தான். அதற்குள் ஆள் இருக்கிறான் என்று நினைப்பவனுக்குக் கை சற்று நடுங்கும். அந்த நடுக்கம் போய்விட்டால் மனிதன் எதுவும் செய்வான்."

விளையாட்டை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. இதை வாசிக்கும் சில சகோதரர்கள் வருந்தக்கூடும். தொழுகைக்கு முன் அணைத்துவிட வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் கூடாது, தேர்வு நாட்களில் தொடக் கூடாது என்று மூன்று கட்டுப்பாடுகள் வைத்தோம். அவனும் அவனுடைய தாயாரும் ஒப்புக்கொண்டார்கள். அவற்றைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறான். சில நாட்கள் தவறுகிறான். தவறினால் வந்து சொல்லிவிடுகிறான். பிள்ளைகளைக் கண்டிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நம் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லலாம். தூரத்திலிருந்து கத்துவதைவிட ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள். பிள்ளை எந்த இடத்தில் தயங்குகிறான் என்பது தெரியவரும். அவனுடைய தயக்கத்தில்தான் அவனுடைய ஈமான் இருக்கிறது. அந்த இடத்தில் 'விடு' என்று சொல்லி நாமே அதைக் கெடுத்துவிடக் கூடாது.

இது திரைக்கு மட்டும் உரிய பாடமும் அன்று. கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. யாரைப் பற்றியது, மெய்யா பொய்யா என்று பாராமல் அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறோம். தெருவில் ஒரு குடும்பத்தைப் பற்றி ஒரு பேச்சு எழுகிறது. நாமும் ஒரு சொல் சேர்க்கிறோம். கொடியைப் பார்க்க நேரமில்லை; கடந்துபோய்விடும் என்ற அவசரம். அடித்தபின் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் வசதி விளையாட்டில்தான் இருக்கிறது.

சென்ற மாதம் ஒருநாள் மஃரிபு தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, அவன் செருப்பைத் தேடிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "ஹஜ்ரத், நேற்று ஒன்றை விட்டுவிட்டேன்."

"எந்த நாட்டுக் கப்பல்?"

"தெரியவில்லை ஹஜ்ரத். மழையில் கொடி தெரியவில்லை. அதனால்தான்."

புள்ளி போயிற்றா என்று நாம் கேட்கவில்லை. அவன் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே வந்து, சின்ன நன்னிக்காகவும் அவருடைய கணவருக்காகவும் இரண்டு ரக்அத் நஃபில் தொழுதோம். நீரில் மூழ்கி இறப்பவரும் ஷஹீதுகளில் ஒருவர் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பெயர் தெரிந்தும் தெரியாமலும், எந்த நாட்டுக் கொடியின் கீழும் கடலில் உழைத்து மாண்ட ஏழைகள் அனைவர்மீதும் அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக. விசாரித்து அறியும் பொறுமையை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.